கோனாபட்டு வண்டியின் இரண்டாம் கியர்

1958 மார்ச் 4

கோனாபட்டு ஆச்சி வண்டியின் கியர் பெட்டியை இறக்கியாயிற்று. முப்பத்தேழாம் வருஷத்து வண்டி, ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தது. மூடியைத் திறந்தால் எண்ணெயோடு மரத்தூள் வருகிறது. மரத்தூள்! பல் கத்துகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று எவனோ இரண்டு கை அள்ளிப் போட்டிருக்கிறான். பட்டாளத்து ஒர்க் ஷாப்பையும் சேர்த்தால் பதினேழு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இப்படிச் செய்வார்கள் என்று கேள்விப்பட்டதுண்டு, கண்ணால் பார்த்தது இன்றுதான்.

மார்ச் 5

எவனோ இல்லை. ஆண்டியப்பன்தான். அந்த வண்டிக்கு டிரைவர், என் தங்கை செவந்தியின் புருஷன்.

காலையில் பட்டறைக்கு வந்தான். கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"சத்தம் பெரிசா வந்துச்சு மச்சான். ஆச்சி காதுல விழுந்தா வண்டியை வித்துருவாக. வித்துட்டா நான் எங்கிட்டுப் போறது?"

கையிலிருந்த ஸ்பானரைச் சுவரில் எறிந்தேன். அவன் மேல் எறியவில்லை, அதுவரை புத்தி இருந்தது. மரத்தூள் எண்ணெயைக் குடித்துவிடும், எண்ணெய் இல்லாமல் பல் வெந்துபோகும், இது ஒரு டிரைவருக்குத் தெரியாதா? தெரியும். செவந்திக்கு ஐந்து மாசம். வண்டி இருந்தால் இவனுக்கு வேலை, வேலை இருந்தால் ஆச்சி வீட்டுக்குப் பின்னால் அந்த இரண்டு அறை. அது எனக்கும் தெரியும். தெரிவதால்தான் கோபம் இரட்டிப்பாகிறது.

மார்ச் 7

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கில் பரப்பினேன். எப்போதும்போல் மூன்று குவியல்: திரும்பப் போடலாம், போடக் கூடாது, பார்க்கலாம்.

பேரிங்குகள் நாலும் போச்சு. திருச்சியில் கிடைக்கும், கவலையில்லை. அடித் தண்டின் இரண்டு முனையிலும் இருக்கிற வெண்கல வாஷர்கள் பப்படம்போல் தேய்ந்திருக்கின்றன. வார்த்துக் கடைந்துகொள்ளலாம். முதல் கியரின் பல் நுனி மழுங்கியிருக்கிறது, எண்ணெய்க் கல்லில் தேய்த்தால் ஆகும்.

இரண்டாம் கியர்தான். அடுத்தடுத்து மூன்று பற்களில் மேல்தோல் உரிந்திருக்கிறது. பல்லுக்கு மேல்தோல்தான் பலம், உள்ளே வெறும் பச்சை இரும்பு. போதாததற்கு, கியரைப் பிடித்து வைக்கிற பூட்டுப் பல்லும் உருண்டுவிட்டது. கொஞ்சம் இழுத்தால் கியர் துள்ளி வெளியே வந்துவிடும். மாற்ற வேண்டும். அதை மாற்றினால் அதோடு கடித்து ஓடின ஜோடியையும் மாற்ற வேண்டும். இருபது வருஷம் ஒன்றாகத் தேய்ந்த பல் புதுப் பல்லோடு ஒத்துப்போகாது.

மார்ச் 8

'பார்க்கலாம்' குவியலில் அது ஒன்றுதான் கிடக்கிறது. 'கூடாது' பக்கம் வைக்க வேண்டியதை அங்கே ஏன் வைத்தேன்?

மார்ச் 11

ஆச்சி நேரிலேயே வந்துவிட்டார்கள். சாலா ஆச்சிக்கு அறுபது இருக்கும். வண்டி அவர்கள் அப்பா கடைசியாகக் கொடுத்த சீர். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. சாக்கின் முன்னால் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்து, கத்திரிக்காய் பொறுக்குவது மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"இதுக்கு என்ன கொறை மேஸ்திரி? கிண்ணுன்னு இருக்கு."

கையில் இருந்தது இரண்டாம் கியர். உரிந்த இடத்தை வெளிச்சத்தில் காட்டினேன்.

"இம்புட்டுப் புள்ளிக்கா? மூஞ்சியில அம்மைத் தழும்பு இருந்தா ஆளையே தள்ளிருவீகளோ?"

சிரிக்கலாம்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பங்குனிக் கடைசியில் மகள் தனலட்சுமி பிள்ளைகளோடு பம்பாயிலிருந்து வருகிறாளாம். எல்லோரும் கொடைக்கானல் போக வேண்டுமாம். அதற்குள் வண்டி வராவிட்டால் விற்றுவிட்டு வாடகை வண்டி வைத்துக்கொள்வார்களாம். பின்னால் ஆண்டியப்பன் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வைக்கே ஓர் அறை விடலாம்போல் இருந்தது.

வாஷருக்கு நல்ல வெண்கலம் தேடுகிறேன் என்று வாய் தவறிச் சொன்னேன்.

"கடையில விக்கிறதெல்லாம் கலப்படம். எங்க அப்பச்சி காலத்து உருளி ஒண்ணு விளிம்பு ஒடஞ்சு கெடக்கு. அனுப்பி வைக்கிறேன். தட்டிப் பாருங்க, கோயில் மணி தோத்துப்போகும்."

போகும்போது, கழற்றின சாமான் தேய்ந்ததோ உடைந்ததோ ஒன்று விடாமல் வீட்டுக்குத் திரும்ப வர வேண்டும் என்றார்கள். அந்த வீட்டில் எதையும் எறிவதில்லை. இரும்புத் துண்டுக்குக்கூட ஓர் அறை உண்டு.

மார்ச் 13

உருளி வந்தது. தட்டிப் பார்த்தேன். உண்மைதான், அந்த நாதம் அடங்க ஐந்தாறு நொடி ஆகிறது. இந்த வண்டி வேலையில் மனசுக்குச் சந்தோஷம் தந்த ஒரே சாமான் இதுதான்.

மார்ச் 19

இரண்டாம் கியர் கேட்டு மெட்ராசுக்கு நாலு கடிதம் போட்டிருந்தேன். நாலுக்கும் ஒரே பதில். இறக்குமதி லைசென்ஸ் இல்லை, எப்போது வரும் என்று சொல்ல இயலாது. அந்நியச் செலாவணி மிச்சம் பிடிக்கிறார்களாம். பிடிக்கட்டும். மலையிலிருந்து வண்டி உருண்டால் போகிற உயிரையும் உள்நாட்டிலேயே செய்துகொள்ளலாம்.

மார்ச் 24

உருளியைக் கன்னாரிடம் கொடுத்து வார்த்து வாங்கி, அடுத்த பட்டறை ரெங்கசாமியிடம் கடைசலுக்குக் கொடுத்தேன். நான் இரண்டாம் கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"மேஸ்திரி, இது சீவல் சுருண்டு வரமாட்டேங்குது. பொடியா உதிருது."

"அது அந்தக் காலத்து வெண்கலம். ஒம்ம உளி மொண்ணையா இருக்கும். தீட்டிட்டுப் போடும். ஆளாளுக்கு வந்து என் உசிரை எடுக்காதீங்க!"

பேசாமல் போய்விட்டார். சாயங்காலம் இரண்டு வாஷரும் வந்தன. பொன் மாதிரி இருக்கின்றன. மனுஷரிடம் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம்.

மார்ச் 28

ஆண்டியப்பன் மறுபடியும்.

"பெர்மா ஷெல்லு லாரிக்கெல்லாம் இதைவிட மோசமான பல்லைப் போட்டு ஓட்டுறாங்க" என்று ஆரம்பித்தான். வாயை மூடு என்றேன். மூடவில்லை.

"எனக்கு ஒரு வருஷம் போதும் மச்சான். புள்ளை பொறந்து தலை நிக்கட்டும். அதுக்குள்ள பஸ் கம்பெனியில சொல்லி வச்சிருக்கேன்."

"எறக்கத்துல ரெண்டாம் கியர் துள்ளிச்சுன்னா பிரேக்கு மட்டும்தான். அதுவும் எரிஞ்சா? உள்ள குழந்தைங்க இருக்கும்டா."

"ஓட்டப்போறது நான். கியரைக் கையில புடிச்சுக்கிட்டே எறக்குவேன். ஒங்களுக்கு என்ன?"

எனக்கு என்னவா? தங்கை தாலிடா, அது எனக்கு ஒண்ணுமில்லையா? இதைச் சொல்லவில்லை. சொல்லத் தெரியாமல் கெட்ட வார்த்தைதான் வந்தது.

மார்ச் 30

போட்டுவிட்டேன்.

பூட்டுப் பல் ஒவ்வொன்றையும் கையாலேயே கல்லில் தேய்த்து, உள்பக்கம் குறுகலாக வரும்படி சரிவு கொடுத்தேன், துள்ளாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாள் வேலை. விரல் நுனியெல்லாம் போச்சு. ஆனால் உரிந்த பல் உரிந்த பல்தான். அதற்குத் தோல் போர்த்த என்னிடம் வித்தை இல்லை.

தரையில் ஆறு மாசமோ ஒரு வருஷமோ தாங்கும். மலையில்? தெரியாது. தெரியாது என்று எழுதவே கை கூசுகிறது.

ஏப்ரல் 3

வண்டி ஓடியது. சத்தமே இல்லை. ஆண்டியப்பனையும் ஏற்றிக்கொண்டு திருமயம் வரை போய்த் திரும்பினேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கையை உதறிவிட்டேன். பழங்கள், வேட்டி துண்டோடு ஆச்சி ஆள் அனுப்பி வண்டியை எடுத்துப் போனார்கள்.

ஏப்ரல் 4

இதை எழுதாமல் முடியாது.

எந்த வண்டிக்குக் கியர் பெட்டி பிரித்து மாட்டினாலும், கொடுப்பதற்கு முன்னால் அமிர்தவல்லியைப் பின்சீட்டில் உட்காரவைத்து நார்த்தாமலை வரை போய்வருவேன். கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். அவள் புளிச்சோறு கட்டிக்கொண்டு வருவாள். சாப்பிட்டுத் திரும்புவோம். சோதனை ஓட்டம் என்று நான் சொல்வேன், ஊர்வலம் என்று அவள் சொல்வாள்.

இன்று காலை இட்லி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஆச்சி வண்டி போயிருச்சாமே. ஏன் என்னையக் கூப்பிடலை?"

"அவசரம்."

"திருமயம் வரைக்கும் போக நேரம் இருந்துச்சுல்ல?"

எரிந்து விழுந்தேன். பொம்பளைக்கு என்ன கியரைப் பற்றித் தெரியும் என்றேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. தட்டை எடுத்துக்கொண்டாள்.

"கியரைப் பத்தித் தெரியாதுங்க. ஒங்களைப் பத்தித் தெரியும். நான் ஏறக் கூடாத வண்டியில அந்தச் சின்னப் புள்ளைங்க மட்டும் ஏறலாமாக்கும்?"

ஏப்ரல் 5

சனியன் பிடித்த கியர்.

ஏப்ரல் 7

அவள் என்னோடு பேசுகிறாள், சோறு போடுகிறாள், எல்லாம் சரியாகத்தான் நடக்கிறது. அந்தக் கேள்வியை மட்டும் திரும்பக் கேட்கமாட்டேன் என்கிறாள். கேட்டால் பதிலுக்குச் சண்டை போட்டுத் தீர்த்துவிடுவேன்.

பிள்ளைகள் பம்பாயிலிருந்து வந்துவிட்டார்களாம். பன்னிரண்டாம் தேதி புறப்பாடு.

ஏப்ரல் 9

முதல் பஸ்ஸில் கோனாபட்டு போனேன். ஆண்டியப்பன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் நிற்காமல் நேரே முகப்புக்குப் போய் ஆச்சியைக் கூப்பிட்டேன்.

"ஆச்சி, இந்த வண்டி மலைக்கு ஆகாது. ரெண்டாம் கியரு போடக் கூடாததை நான் போட்டிருக்கேன்."

"ஓடும்னு சொல்லிக் கொடுத்தது யாரு?"

"நான்தான்."

"ஏன் சொன்னீக?"

ஆச்சி என்னைப் பார்த்தார்கள், துடைக்கிற துணியோடு வந்து நின்ற ஆண்டியப்பனைப் பார்த்தார்கள். அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மச்சானும் மாப்பிள்ளையுமாச் சேந்துக்கிட்டு என் பேரப் புள்ளைகளை மலையில உருட்டப் பாத்தீகளா? ஒருத்தன் வேலைக்காக?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மாசக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள், அவனை. எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. மோர் கொண்டுவரச் சொன்னார்கள். அந்த மோரை நான் குடித்தேன்! அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஏப்ரல் 10

ஆண்டியப்பன் பட்டறை வாசலில் நின்று, தெருவே கேட்க:

"ஒன் பேரைக் காப்பாத்திக்கிட்ட மச்சான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மலைக்குப் போகாம நானே ஏதாச்சும் சாக்குச் சொல்லியிருக்க மாட்டேனா? நேரா அங்கிட்டுப் போயி நின்ன. நல்லவன்னு பேரு வாங்கிக்கிட்ட. நான் நடுத்தெருவுல நிக்கிறேன்."

மரத்தூள் போட்டவன் பேசுகிற பேச்சா இது? அதைச் சொன்னேன். துப்பிவிட்டுப் போனான்.

ஆனால் ஏன் அவனிடம் முதலில் சொல்லவில்லை? அவனிடம் நின்றால் மறுபடியும் மசிந்துவிடுவேன் என்று பயம். அவ்வளவுதானா? பேருக்காக இல்லையா? தெரியவில்லை. எவனாவது வந்து சொல்லட்டும்.

ஏப்ரல் 29

செவந்தி வீட்டைக் காலி செய்துகொண்டு கீரமங்கலத்துக்கு, கொழுந்தன் வீட்டுக்குப் போகிறாள். மாட்டு வண்டியில் சாமான், சாமான் மேல் ஏழு மாச வயிற்றோடு அவள். இங்கே வந்து இருங்கள் என்று அமிர்தவல்லி போய்க் கூப்பிட்டாள். "அண்ணன் நல்லவரா இருக்கட்டும் மதினி, நாங்க அங்கிட்டுப் போயிக்கிறோம்" என்றாளாம்.

நல்லவன் என்ற வார்த்தையை இந்த வருஷம் யாரும் என் காதில் போட வேண்டாம்.

மே 18

வண்டியை நம்ம ஊர் ரெங்கராஜ் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறான். போய், மலைக்கு மட்டும் கொண்டுபோகாதே, இரண்டாம் கியர் சரியில்லை என்று சொன்னேன். "இங்க எங்கண்ணே மலை? நார்த்தாமலையில படியிலயா ஏத்தப்போறேன்?" என்று சிரிக்கிறான்.

ஜூலை 21

செவந்திக்குப் பையன். பதினாலாம் தேதியே பிறந்துவிட்டான். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. சந்தைக்கு வந்த யாரோ சொல்லித் தெரிந்தது. அமிர்தவல்லி மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். காது பெரிசாம், என் காது மாதிரி.

செப்டம்பர் 2

அந்த வண்டி தினமும் பட்டறையைத் தாண்டிப் போகிறது. முக்கில் திரும்பும்போது இரண்டாம் கியருக்கு மாற்றுவான். கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டுக் காது கொடுக்கிறேன். துள்ளவில்லை. நாய் மாதிரி உழைக்கிறது. ஐந்து மாசம்!

இன்று டீக்கடையில் ஒருத்தன் கேட்டான், "மேஸ்திரி வேண்டாம்னு சொன்ன வண்டிதானே இது?" டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 10

ஆண்டியப்பனுக்குப் பஸ் கிடைத்துவிட்டது. கீரமங்கலம் லைன். பட்டறை வழியாகத்தான் போகிறான். இந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

நவம்பர் 11

இன்றும்.

1959 பிப்ரவரி 17

ஆச்சி வண்டியை, ரெங்கராஜ் வண்டியை, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கொடும்பாளூருக்கு ஆள் ஏற்றிப் போகிற வழியில், மாட்டு வண்டிக்கு ஒதுங்க மெதுவாக்கியபோது பின்சக்கரம் இரண்டும் அப்படியே இறுகி நின்றுவிட்டதாம். மெதுவாகப் போனதால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

ரெங்கராஜ் புலம்பிக்கொண்டிருந்தான். எனக்கு உள்ளுக்குள் குதியாட்டம். வெட்கக்கேடுதான், எழுதுகிறேன். பத்து மாசமாகக் காத்திருந்த நாள். இரண்டாம் கியர் போயிருக்கும். டீக்கடைக்காரன், ஆண்டியப்பன், ஊர் மொத்தத்தையும் கூப்பிட்டுக் காட்டுவேன் என்று நினைத்துக்கொண்டே மூடியைக் கழற்றினேன்.

இரண்டாம் கியர் முழுசாக இருக்கிறது. மூன்று பல்லும் அப்படியே. உரிந்த இடம் நகக்கண் அளவுகூட வளரவில்லை. நான் தேய்த்த பூட்டுப் பல் கண்ணாடி மாதிரி மின்னுகிறது.

உடைந்தது வாஷர். ஆச்சியின் உருளி. நாலைந்து சில்லாகப் போய், ஒரு சில்லு பல்லுக்கு நடுவே ஆப்புப்போல் இறங்கிப் பெட்டியையே பூட்டிவிட்டது.

பிப்ரவரி 18

சில்லை ரெங்கசாமியிடம் காட்டினேன். விரலால் திருப்பிப் பார்த்தார்.

"மணி வெண்கலம், வெள்ளீயம் ஜாஸ்தி. நாதத்துக்கு ஆகும், பாரத்துக்கு ஆகாது. பொடியா உதிருதுன்னு அன்னைக்கு வந்து நின்னேனே மேஸ்திரி."

அவ்வளவுதான் சொன்னார். உளியைத் தீட்டப் போய்விட்டார். நான் கத்தின மாதிரி அவர் ஒரு தடவை கத்தியிருக்கலாம்.

விளிம்பு உடைந்த பாத்திரம் எப்படி உடைந்தது என்று நான் கேட்கவில்லை. தட்டிப் பார்த்து மயங்கிவிட்டேன். ஒரு மாசம் அந்தக் கியரையே முறைத்துக்கொண்டிருந்தவன், பக்கத்தில் இருந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மலைக்குப் போயிருந்தால்? முதல் நாளே உடைந்திருக்குமா, உடையாதா? இறக்கத்தில், வளைவில், பின்சக்கரம் இறுகினால்? குழந்தைகள். ஆண்டியப்பன்.

கையிலிருந்த துணியால் முகத்தைத் துடைத்தேன். முகமெல்லாம் கிரீஸ்.

பிப்ரவரி 20

சில்லுகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பத்தரை பஸ்ஸுக்கு ஆண்டியப்பன் வண்டியில் உட்கார்ந்திருந்தான். எட்டி, காகிதத்தை ஸ்டியரிங் மேல் வைத்தேன்.

"என்னது?"

சொன்னேன். அவன் ஒரு சில்லை எடுத்துப் பார்த்தான். டிரைவர்தானே, புரிந்துவிட்டது.

"ரெண்டாம் கியரு?"

"அது நல்லா இருக்கு."

"அப்ப இது? நீ புதுசாப் போட்டது?"

"ஆமா. நான் போட்டதுதான். ரெங்கசாமி சொன்னாரு, கேக்காமப் போட்டேன்."

திட்டுவான் என்று நின்றேன். திட்டட்டும், நானும் திருப்பித் திட்டுவேன், மரத்தூள் கதையை எடுப்பேன் என்று வாய்வரை வைத்திருந்தேன். கண்டக்டர் விசில் ஊதினான். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸை எடுத்தான். முக்கு திரும்புகிறவரை நின்றேன். கியரை ஒழுங்காகத்தான் மாற்றுகிறான்.

மார்ச் 2

ஆச்சிக்கும் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, சில்லு எங்கே என்றார்கள். ஆண்டியப்பனிடம் என்றேன். "அது எங்க வீட்டுச் சாமான், திரும்பி வரணும்" என்றார்கள். இந்த அம்மாளை என்ன செய்வது!

ஏப்ரல் 26

ரெங்கராஜ் வண்டிக்குத் திருச்சியிலிருந்து நல்ல உலோகம் வாங்கி, ரெங்கசாமி சரி என்று சொன்ன பிறகு வாஷர் கடைந்து மாட்டினேன். இரண்டாம் கியரை மூன்று முறை கையில் எடுத்துக் கீழே வைத்தேன். கடைசியில் அதையே போட்டேன். ரெங்கராஜுக்கு என்ன போட்டேன், எது வரை தாங்கும், எங்கே கொண்டுபோகக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 7

கீரமங்கலத்தில் பையனுக்குக் காது குத்து. பத்திரிகை இல்லை, ஆள் இல்லை. போன வாரம் கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, "ஞாயித்துக்கிழமை காலைல ஏழு மணியாம், டிரைவர் சொல்லச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு ஓடினான். இதற்குப் பேர் அழைப்பா? போகமாட்டேன் என்று அமிர்தவல்லியிடம் கத்தினேன். அவள் அதற்குள் சீர்த்தட்டுக்கு வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தாள்.

தாய்மாமன் பலகையில் என்னைத்தான் உட்காரச் சொன்னார்கள். பையன் கனம். ஆசாரி ஊசியைக் கொண்டுவந்ததும் வீரிட்டான், வலது காது குத்தி முடிப்பதற்குள் என் மடி முழுக்க மூத்திரம். கரை போட்ட புது வேட்டி, காலையில்தான் பிரித்தது. கூட்டமே சிரித்தது, செவந்திகூட. ஆண்டியப்பன் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினான்.

வாங்கிக்கொண்டேன். இன்னொரு காது பாக்கி இருந்ததால் பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.